கிறிஸ்துமஸ் விருந்துக்கு முழு ஹாம்: எதை வாங்கலாம், பழப் பாகு பூசி எப்படி வாட்டலாம்

டிசம்பர் பிறந்ததும் உறைந்த இறைச்சி விற்கும் திருச்சி கோல்ட் ஸ்டோரேஜ் கடைகளின் ஃப்ரீசரில் முழு ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றித் தொடை, வந்து சேர்ந்துவிடும். மற்ற மாதங்களில் ஸ்லைஸ் பாக்கெட்டோடு சரி. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று டெல்டாவுக்குள் போகப் போக இந்தச் சரக்கு அரிது. முன்கூட்டியே சொல்லி வைத்து, திருச்சிக்குப் போய் எடுத்து வருவதுதான் பெரும்பாலும் வழி. பொன்மலை ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு ஹாம் பழகிய பண்டம். பிரியாணியும் மட்டன் குழம்புமாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடும் மற்ற வீடுகளில் இப்போதுதான் ஆசையாக வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிடும் விருந்துக்கு, எலும்பு நீக்கிய, புகை போட்ட, ஒரே தசையாக இருக்கிற 2 கிலோ ஹாம்தான் வாங்க வேண்டியது. அழுத்திச் செய்த உருளை ஹாம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எலும்போடு வரும் முழுத் தொடை அருமையான பொருள், ஆனால் நம் வீட்டு ஓடிஜி என்ற சிறிய மின் ஓவனுக்குள் நுழையாது. பாகு எவ்வளவு பிரமாதமாக வைத்தாலும் தண்ணீர் ஏற்றிய ஹாமைக் காப்பாற்ற முடியாது. அதனால் காசையும் கவனத்தையும் முதலில் ஹாமில் போடுங்கள், பழமும் வெல்லமும் அப்புறம்.

லேபிளில் என்ன பார்ப்பது

ஹாம் என்பது பன்றியின் பின்னந்தொடையை உப்பும் சோடியம் நைட்ரைட்டும் கலந்த நீரில் பதப்படுத்தி, புகை போட்டு, வேகவைத்தது. அந்த உப்பு நீரை ஊசிகளால் கறிக்குள் ஏற்றுவது ஆலைகளில் வழக்கமான முறை. கொஞ்சம் ஏற்றினால் கறி மிருதுவாக இருக்கும். எடை கூட்டுவதற்காக ஏற்றினால் நீங்கள் காசு கொடுப்பது தண்ணீருக்கு. பாக்கெட்டின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் பன்றி இறைச்சி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 85-க்கு மேல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். 70 என்றால் 2 கிலோ பாக்கெட்டில் கறி 1.4 கிலோதான். விலையை அந்த 1.4-ஆல் வகுத்துப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த ஹாம் உண்மையில் எவ்வளவு என்று புரிந்துவிடும்.

அதே பட்டியலில் ‘ஐஎன்எஸ்’ என்று வரும், சேர்க்கைப் பொருள்களின் குறியீட்டு எண்களையும் கவனியுங்கள். ஐஎன்எஸ் 250 சோடியம் நைட்ரைட். அது இல்லாமல் ஹாமுக்கு அந்த இளஞ்சிவப்பும் வாசமும் வராது, பொட்டுலிசம் கிருமியைத் தடுப்பதும் அதுதான், ஆகவே இருப்பது இயல்பு. ஐஎன்எஸ் 451 பாஸ்பேட், ஐஎன்எஸ் 407 கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனன். இரண்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறவை. பாஸ்பேட் மட்டும் இருந்தால் பரவாயில்லை. காரஜீனன், சோயா புரதம், மாவுச்சத்து மூன்றும் வரிசையாக வந்தால் அந்தப் பாக்கெட்டை மறுபடி ஃப்ரீசரிலேயே வைத்துவிடுங்கள்.

அழுத்திச் செய்த உருளை ஹாமைக் கையில் எடுத்தாலே அடையாளம் தெரியும். பக்கவாட்டில் ஒரு பள்ளம் மேடு இல்லாமல், அச்சில் வார்த்தது மாதிரி வழுவழுவென்று இருக்கும். சிறு துண்டுகளைக் கூட்டி, அழுத்தி, வேகவைத்து உருவாக்கியது அது. சாண்ட்விச்சுக்கு ஆகும். ஓவனில் வைத்தால் ஒட்டியிருந்த துண்டுகள் விட்டுப்போய், வெட்டும்போது பொலபொலவென்று உதிரும். கூடவே தட்டு நிறையத் தண்ணீர் விடும். ஒரே தசையாக உள்ள ஹாமில் கறியின் இழை நீளவாக்கில் ஓடுவது பிளாஸ்டிக்குக்கு மேலேயே தெரியும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஒல்லியாக இருக்கும், சில இடத்தில் கொழுப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். அழகாக இல்லாத அந்தப் பாக்கெட்டைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, வேகவைத்ததா பச்சையா என்பது. ‘ரெடி டு ஈட்’ என்று போட்டிருந்தால் வெந்தது, வீட்டில் நாம் செய்வது சூடாக்கிப் பாகு பூசுவது மட்டுமே. ‘குக் பிஃபோர் ஈட்டிங்’ என்றிருந்தால் உப்பில் ஊறிய பச்சைத் தொடை. அதை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் புதுத் தண்ணீரில் கிலோவுக்கு 45 நிமிடம் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் வேகவைத்து, உள்ளே 71 டிகிரி வந்தபின்தான் ஓவனுக்குக் கொண்டுபோக வேண்டும். நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று தீர்மானிக்க முடியாது. நைட்ரைட் சேர்ந்த கறி வெந்தாலும் சிவப்பாகவே இருக்கும். கறிக்கடையில் வெட்டி வாங்கிய சாதாரண வெண்பன்றித் தொடைக்குப் பாகு பூசி வாட்டினால் நல்ல ரோஸ்ட் கிடைக்கும், ஹாம் கிடைக்காது.

ஃப்ரீசரிலிருந்து வீடு வரை

வடகிழக்குப் பருவமழையும் கிறிஸ்துமஸ் சரக்கும் ஒரே சமயத்தில் வருவது டெல்டாவின் தலையெழுத்து. புயல் மழையில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் இல்லாத கடையில் ஃப்ரீசர் இளகி, மறுபடி உறைந்த பாக்கெட் நிறைய கைமாறுகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின் எத்தனையோ கிராமங்களுக்குப் பல நாள் மின்சாரமே இல்லை. அந்த அளவுக்கு வேண்டாம், ஒரு நீண்ட மின்தடை போதும்.

இளகி உறைந்ததைக் கண்டுபிடிப்பது எளிது. பாக்கெட்டைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு மூலையில் இளஞ்சிவப்பு நீர் கட்டியாக உறைந்து தேங்கியிருந்தால், எப்போதோ அது உருகி அங்கே வடிந்திருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் கறியோடு ஒட்டாமல் தளர்ந்து, உள்ளே ஊசி ஊசியாகப் பனி படர்ந்திருந்தாலும் அதே கதைதான். அப்படிப்பட்ட பாக்கெட்டுகளையே ‘ஃப்ரெஷ் ஸ்டாக்’ என்று எடுத்து நீட்டும் கடைகளும் உண்டு. தயங்காமல் வேறு கேளுங்கள். கடைக்காரர் தன் கத்தியால் வெட்டி, மறுபடி கவரில் போட்டுத் தரும் அரைத் துண்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆலை முத்திரையோடு வந்த வெந்த ஹாமுக்கு உள்வெப்பம் 60 டிகிரி போதும், கடையில் பிரித்து வெட்டியதற்கு 74 டிகிரி வரை போக வேண்டும். 74-க்குப் போனால் கறி சற்று வறளும். ஆகவே முழுப் பாக்கெட்டாக வாங்குவதே மேல்.

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் போகிறவர்களுக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். தெர்மோகோல் பெட்டியில், நாலு சுற்று நாளிதழ் சுற்றி, ஐஸ் பேக்கை ஹாமுக்கு மேலே வைத்துக் கட்டினால் கல்லாகவே வந்து சேரும். குளிர் கீழே இறங்கும், அதனால் ஐஸ் மேலேதான் இருக்க வேண்டும்.

உருகவைக்க அவசரம் கூடாது. 2 கிலோ ஹாம் ஃப்ரிட்ஜில் முழுக்க இளக 24 முதல் 30 மணி நேரம் பிடிக்கும். பண்டிகைக் காலத்தில் திணித்து நிரப்பிய ஃப்ரிட்ஜில் இன்னும் கூடும். 25-ஆம் தேதி மதிய விருந்துக்கு 23-ஆம் தேதி இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், பாக்கெட்டைப் பிரிக்காமல் ஐஸ் போட்ட தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் சில மணி நேரத்தில் இளகும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரை மட்டும் நம்பாதீர்கள். டிசம்பரிலும் அது கையில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், கறியின் மேல்பக்கம் கெடும் சூட்டுக்குப் போய்விடும். நடுப்பகுதி உறைந்த ஹாமை ஓவனில் வைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய பிழை. வெளியே வறண்டு, உள்ளே பனியாக நின்று, பாகு கருகும் வரை காத்திருந்தும் நடுவில் சூடு ஏறாது.

ஓவனும் வோல்டேஜும்

2 கிலோ ஹாம் சுமார் 17 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். தட்டு, கம்பி ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தபின் மேல் கம்பிக்கும் ஹாமுக்கும் நடுவே குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். 18, 20 லிட்டர் ஓடிஜியில் அது கிடைக்காது, மேல்பக்கம் கருகியே தீரும். 30 லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. கீழ்த் தட்டில்தான் வைக்க வேண்டும், மேலும் கீழும் இரண்டு கம்பியும் எரிய வேண்டும்.

ஓடிஜியின் திருகில் 160 என்று வைத்தால் உள்ளே 160 இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 20 டிகிரி முன்னே பின்னே இருப்பது சாதாரணம். ஓவனுக்குள் தொங்கவிடும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இந்தக் குழப்பம் தீரும். அதைவிட முக்கியமானது கறியில் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஐஸ் நிறைந்த தண்ணீரில் வைத்தால் 0, கொதிக்கும் தண்ணீரில் 100 காட்டுகிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டெல்டா கடல்மட்டத்தை ஒட்டிய பூமி என்பதால் கொதிநிலைக் கணக்கில் கழிக்கக் கூட்ட எதுவும் இல்லை.

வோல்டேஜ் விஷயம் எந்தச் சமையல் குறிப்பிலும் இருக்காது, ஆனால் நமக்கு அதுதான் பாதிப் பிரச்சினை. 230 வோல்ட்டில் 1600 வாட் இழுக்கும் ஓவன், 180 வோல்ட்டில் 980 வாட்தான் தரும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. மாலையானால் விளக்கு மங்கும் கிராமங்களில் சாயந்தரம் வாட்ட ஆரம்பித்தால் 200 டிகிரி எட்டவே எட்டாது, பாகு பளபளப்பாக உறையாமல் வழிந்துகொண்டே இருக்கும். ஆகவே இதைக் காலை வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுப் பூசைக்குப் போய்விட்டு வந்து தூங்கி எழுந்து, மதியச் சாப்பாட்டுக்குச் செய்வதுதான் தோது. முந்தின நாள் பாதிச் சூடாக்கி வைத்துவிட்டு மறுநாள் மீதியை முடிக்கும் யோசனை வேண்டாம். அரைச் சூட்டில் கிடக்கும் கறியில் கிருமி பெருகும்.

பாகும் பழமும்

பாகுக்கு வெள்ளைச் சீனியைவிட வெல்லம் பல மடங்கு மேல். உப்பும் புகையும் ஏறிய கறிக்கு வெல்லத்தின் கனத்த வாசம் அவ்வளவு பொருத்தம். பாபநாசம் வட்டாரத்தில், வீரமாங்குடி பக்கம், காய்ச்சும் அச்சுவெல்லம் பொங்கலுக்கு முன்னால் புதிதாக வரத் தொடங்கியிருக்கும். அதில் கருத்த நிறத்ததை எடுங்கள். ஹைட்ராஸ் போட்டு வெளுத்த மஞ்சள் வெல்லத்தில் பாகு வெளிறிக் கிடக்கும், நிறத்துக்காக ஓவனில் கூடுதல் நேரம் வைக்கத் தோன்றும், அதற்குள் கறி காய்ந்துவிடும்.

2 கிலோவுக்கு அளவு இது. அச்சுவெல்லம் 200 கிராம், தண்ணீர் கால் டம்ளர், அன்னாசிச் சாறு 150 மில்லி, வினிகர் 2 மேசைக்கரண்டி, அரைத்த கடுகு ஒன்றரை மேசைக்கரண்டி, பொடித்த கிராம்பு 4, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, கமலா ஆரஞ்சுத் தோலின் மேல்சீவல் ஒரு தேக்கரண்டி. உப்பு ஒரு கல் கூடப் போடக் கூடாது. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, சாறும் வினிகரும் கிராம்பும் மிளகும் சேர்த்துச் சிறு தீயில் காய்ச்சுங்கள். அதிரசத்துக்குப் பாகு வைத்துப் பழகியவர்களுக்குப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பிப் பதத்துக்குச் சற்று முன்னால், விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும்போது இறக்கிவிட வேண்டும். கம்பி விட்டபின் இறக்கினால் பூசும்போதே இறுகி, வெட்டுகையில் கண்ணாடிச் சில்லாக உடையும். உருட்டும் பதத்துக்குப் போனது பல்லில் ஒட்டும். இறக்கியபிறகு கடுகையும் ஆரஞ்சுத் தோலையும் கலக்குங்கள்.

கடுகுக்கு பாட்டில் மஸ்டர்டைத் தேட வேண்டாம். நம் கருங்கடுகை ஊறவைத்துப் பச்சைத் தண்ணீரில் அரைத்து, பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு ஒரு தேக்கரண்டி வினிகர் கலந்தால் மூக்கில் ஏறும் காரம் கிடைக்கும். அரைத்தபின் தண்ணீர்பட்டுத்தான் அந்தக் காரமே பிறக்கிறது. அரைக்கும்போதே வினிகர் ஊற்றினாலோ வெந்நீர் விட்டாலோ காரம் எழும்பாமல் கசப்பு மட்டும் மிஞ்சும்.

அன்னாசியில் ஒரு சூட்சுமம். பச்சை அன்னாசிச் சாற்றில் உள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தை அரிக்கும். ருசி ஏறட்டும் என்று முந்தின இரவே பழத் துண்டுகளை ஹாம்மேல் அடுக்கி வைத்தால், காலையில் மேல்பரப்பு மாவாகக் குழைந்து, பாகு அதில் பிடிக்காமல் தோலோடு உரிந்துவரும். சாற்றைக் கொதிக்கவைத்துவிட்டால் நொதி செத்துவிடும். துண்டுகளையும் கடைசி அரை மணியில் மட்டும் வைத்தால் பயமில்லை. டின் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் டின்னிலுள்ள சர்க்கரைப் பாகைச் சாறாக ஊற்றுவதானால் வெல்லத்தில் 50 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். கொல்லிமலை அன்னாசி கிடைத்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள், அந்த வாசமே தனி.

வாழைப்பழம் விளையும் சீமையில் இருந்துகொண்டு ஆப்பிளைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை. நேந்திரன் அதிகம் பழுக்காமல், தோல் மஞ்சளாகி நுனியில் மட்டும் பச்சை நிற்கும் பதத்தில், 2 சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கித் தட்டில் பரப்பினால் வடிந்த பாகை உறிஞ்சிக்கொண்டு அல்வா மாதிரி நிற்கும். ரஸ்தாளியும் பூவனும் கூழாகிவிடும். கொய்யாவை விதைப் பகுதி நீக்கி நான்காக வெட்டிப் போடலாம், செங்காயாக இருக்க வேண்டும். திராட்சை வெறும் தண்ணீர் விடும், வேண்டாம். கமலா ஆரஞ்சைச் சுளையாக ஓவனில் வைத்தால் கசக்கும், பரிமாறும்போது பச்சையாகவே ஓரத்தில் வையுங்கள்.

வாட்டும் முறை

ஒரு மணிக்குப் பந்தி என்றால் காலை ஒன்பதே முக்காலுக்கு ஹாமை ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள். பிளாஸ்டிக் உறை, உள்ளே இன்னொரு மெல்லிய உறை, சிலவற்றில் எலாஸ்டிக் வலை, எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும். உள் உறை கறியின் நிறத்திலேயே இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. நகத்தால் ஒரு முனையைக் கீறிப் பார்த்தால் தோலாகப் பிரிந்து வரும். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் ஹாமை ஒற்றி ஒற்றி ஈரம் போகத் துடையுங்கள். பாகு வழுக்கி விழுவதற்கு முதல் காரணம் மேல் ஈரம்தான்.

ஓரத்தில் ஒரு மெல்லிய துண்டு சீவி வாயில் போட்டு உப்பைப் பாருங்கள். நாக்கைக் கடிக்கும் உப்பாக இருந்தால், வினிகரை இன்னொரு கரண்டி கூட்டுங்கள், தொட்டுக்கொள்ளும் பண்டங்களில் உப்பைக் குறையுங்கள். வெந்த ஹாமைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்போடு ருசியும் போய்விடும்.

மேலே கொழுப்பு இருந்தால் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக அரை சென்டிமீட்டர் ஆழம் கீறுங்கள். இங்கே விற்கும் ஹாம் பலவற்றில் கொழுப்பைச் சீவிவிடுகிறார்கள். அப்படியானால் 3 மில்லிமீட்டருக்கு மேல் கத்தி இறங்கக் கூடாது, கீறிய இடம் விரிந்து கறி காயும். அதில் கொஞ்சம் வெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கீறல் சந்திக்கும் இடங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிராம்பு குத்தினால் போதும், இருபதைத் தாண்ட வேண்டாம். எல்லாச் சந்திப்பிலும் குத்தினால் பல் வைத்தியரிடம் போன வாசம் அடிக்கும்.

ஓவனை 160 டிகிரிக்கு 15 நிமிடம் சூடாக்கி, ஆழமான தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும் அன்னாசித் தோலும் போட்டு, அதன்மேல் கம்பி வைத்து, அதில் ஹாமை வைத்து, அலுமினியம் ஃபாயிலால் தளர்வாக மூடி, பத்தரைக்கு உள்ளே தள்ளுங்கள். ஃபாயில் கறியில் ஒட்டக் கூடாது, ஓரங்களில் மட்டும் தட்டோடு மடித்து அழுத்த வேண்டும். 80 நிமிடத்தில் முதல் தடவை நடுப்பகுதியில் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 50 டிகிரி வந்துவிட்டால் அடுத்த கட்டம். வராவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக நீட்டுங்கள். இரண்டு மணி நேரமாகியும் 40-ஐத் தாண்டவில்லை என்றால் வோல்டேஜைச் சந்தேகிக்கலாம்.

இப்போது ஃபாயிலை எடுத்துவிட்டு, தட்டில் தேங்கிய நீரைத் தனியாக வடித்து வைத்து, ஹாமின் மேல்புறத்தை மறுபடி துணியால் ஒற்றி, முதல் பூச்சு பூசுங்கள். மெல்லிய பூச்சாக இருக்கட்டும். அன்னாசி வட்டங்களை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, பல்குச்சியால் மேலே குத்துங்கள். நேந்திரனும் கொய்யாவும் தட்டில். ஓவன் 200 டிகிரி. பத்து நிமிடம் கழித்து இரண்டாவது பூச்சு, தட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்து இன்னொரு பத்து நிமிடம், பிறகு மூன்றாவது. முதல் பத்து நிமிடத்தில் பாகு நீர்த்து நுரைக்கும், அது சரிதான். இரண்டாவதில் குமிழ் சிறுத்து ஓரங்கள் செம்பழுப்பாகும். மூன்றாவது பூச்சுக்குப் பிறகு அங்கிருந்து நகராதீர்கள். பெரிய குமிழ்கள் மெதுவாக எழும்பி உடையத் தொடங்கினால் இன்னும் மூன்று நான்கு நிமிடம்தான் பாக்கி. புகை கிளம்பினால் தாமதம் ஆகிவிட்டது. ஒரு இடம் மட்டும் முந்திக் கருத்தால் அங்கே மட்டும் சின்ன ஃபாயில் துண்டு வையுங்கள்.

வெல்லத்துக்குப் பதில் தேன் சேர்க்கிறவர்கள் 180 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தேனிலுள்ள ஃப்ரக்டோஸ் சீனியைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறிக் கருகும். ஆரம்பத்திலிருந்தே பாகு பூசி இரண்டு மணி நேரம் வைப்பதும் இதனால்தான் தப்பு. எந்தப் பாகும் அவ்வளவு நேரம் தாங்காது.

உள்ளே 60 முதல் 62 டிகிரி வந்ததும் எடுத்து, 20 நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் சூடு இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறும், சாறு உள்ளேயே தங்கும். வடித்த நீரை மேல்கொழுப்பு நீக்கி, மீந்த பாகில் இரண்டு கரண்டி கலந்து சுண்டக் காய்ச்சினால் மேலே ஊற்றிக்கொள்ள ஆகும். உப்பு பார்த்துச் சேருங்கள், அந்த நீர் கரிக்கும்.

இழைக்குக் குறுக்காக, அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்ட வேண்டும். இழை போகும் போக்கிலேயே வெட்டினால் எவ்வளவு நல்ல ஹாமும் நார்நாராக மெல்ல வேண்டிவரும். வெட்டிய பரப்பில் பச்சையும் நீலமுமாக மினுமினுப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், இழைகள்மேல் ஒளி சிதறுவதால் வருவது. பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருந்தால்தான் கெட்டது.

நெய்ச்சோறோ, மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சாதமோ இதற்கு அளவெடுத்த ஜோடி. பச்சை வெங்காயத்தைக் காய்ந்த மிளகாய், வினிகரோடு அரைத்த சிவப்புச் சட்னி இனிப்பை வெட்டும். கனமான குருமா வைத்தால் ஹாமின் புகை வாசம் அடிபட்டுப் போகும்.

ஓவன் இல்லாத வீட்டில்

தெரு பேக்கரியில் கேக் கலவை கொடுத்து வாங்குவது போல இதையும் கேட்கலாம் என்று தோன்றும். ரொட்டி சுடும் அடுப்பில் பன்றிக் கறியை வைக்கப் பலர் சம்மதிக்க மாட்டார்கள், அவர்களுடைய வாடிக்கையாளர்களை நினைத்தால் அது நியாயம்தான். வற்புறுத்தாதீர்கள். இட்லிக் குண்டானிலேயே முடித்துவிடலாம். ஹாமை ஃபாயிலில் இறுகச் சுற்றி, ஆவியில் ஒன்றரை மணி நேரம் போல வைத்தால் உள்ளே 60 டிகிரி வந்துவிடும். நடுவில் தண்ணீர் வற்றாமல் பார்க்க வேண்டும். பிறகு எடுத்து ஈரம் துடைத்து, அடி கனத்த இரும்புச் சட்டியில் பாகைக் கொதிக்கவிட்டு, ஹாமை அதில் வைத்துப் புரட்டிப் புரட்டி மேலே ஊற்றிக்கொண்டே பத்து நிமிடம் விட்டால் பளபளவென்று நிறம் ஏறும். ஓவனில் வரும் மொறுமொறு ஓரம் கிடைக்காது, ருசியில் பெரிய குறை இருக்காது. குக்கரில் விசில் விடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஏற்கெனவே வெந்த கறி மறுபடி 120 டிகிரி ஆவியில் நாராகிவிடும்.

மூன்றுக்கும் மதிப்பெண்

ஒரே தசையாக உள்ள, புகை போட்ட, எலும்பில்லா ஹாமுக்கு ஐந்துக்கு நான்கரை. அரை மதிப்பெண் குறைவதற்குக் காரணம் கொழுப்பை அடியோடு சீவிவிடும் வழக்கம். அரை சென்டிமீட்டர் விட்டிருந்தால் பாகு பிடிப்பதே வேறு. எலும்போடு வரும் முழுத் தொடை ருசியில் ஐந்துக்கு ஐந்து, ஆனால் 5, 6 கிலோ எடையில் வருவதற்குப் பெரிய ஓவனும் இருபது பேருக்கு மேல் ஆளும் வேண்டும். பங்குப் பேரவை விருந்து, கல்யாண வீடு என்றால் யோசிக்கலாம். அழுத்திய உருளைக்கு ஒன்றரை. அதையும் ஸ்லைஸாக்கிச் சாப்பிடுவதற்காகத்தான் கொடுக்கிறேன்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை ருசி குறையாது. பொடியாக நறுக்கி முட்டை பொரியலிலும் ஃப்ரைட் ரைஸிலும் போடலாம், சோற்றில் உப்பு சேர்க்காமல் செய்ய வேண்டும். எலும்புள்ள ஹாம் வாங்கியவர்கள் எலும்பை எறிந்துவிடாதீர்கள். பட்டாணிப் பருப்போடு இரண்டு மணி நேரம் கொதித்தால் ஒரு குண்டான் சூப் கிடைக்கும். முன்பதிவுக்கு டிசம்பர் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். இருபதாம் தேதிக்குப் பிறகு கேட்டால் உருளை ஹாம்தான் மிஞ்சியிருக்கும்.